லயன்ஃபிஷுக்கு முதல் கடல்நீர்த் தொட்டி: மூன்றடி போதுமா?

கேள்வி: பத்து வருடமாக நன்னீர் மீன்தான் வளர்க்கிறேன். போன வாரம் கொளத்தூர் வண்ணமீன் கடையில் லயன்ஃபிஷ் என்ற கடல்மீன் ஒன்றைப் பார்த்தேன். துடுப்புகளை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு மூலையில் அசையாமல் நின்றது. மூன்றடித் தொட்டி போதுமா அண்ணா?

பதில்: போதாது தம்பி. ஒன்றேகால் அடி வரை வளரும். ஐந்தடித் தொட்டி, 500 லிட்டராவது வேண்டும். கழிவு அதிகம், அதனால் புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) பெரியதாக வாங்குங்கள். உப்புநீரின் ஒப்படர்த்தி (நன்னீரை 1 என்று வைத்தால்) 1.025 இருக்க வேண்டும். தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை, ஒரு மாதம் ஆனாலும், மீனை விடாதீர்கள். நான் அவசரப்பட்டு ஒன்றைப் பறிகொடுத்தேன். அது வாயைத் திறந்து திறந்து தவித்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இன்னொருவர்: முதுகு முள்ளில் விஷம். குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணா. தீனிக்குத் தங்கமீன் குஞ்சு போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். இறால், கணவாய்த் துண்டுகளை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.