ஏசி/டிசி மணி 2 டன்னாம்! தூக்கிக் காட்டுங்கள் பார்க்கலாம்

கொக்கிக்காரன்:
ஏசி/டிசி ராக் இசைக்குழுவின் 1980 ஆல்பம் "பேக் இன் பிளாக்" பற்றி நேற்று இங்கே ஒருத்தர் நீளமாக எழுதியிருந்தார். பாதி சரி. நடுவில் ஒரு வரி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது: "1980-81 உலகச் சுற்றுப்பயணம் முழுக்க ஏசி/டிசி 2 டன் வெண்கல மணியை மேடைக்கு மேலே தொங்கவிட்டது." அதற்குக் கீழே வரிசையாக "அருமை", "மெய்சிலிர்த்தது". ஐயா, சிலிர்க்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கூரையைப் பற்றி யோசித்தீர்களா? இங்கிலாந்தில் லஃப்பரோ ஊர் ஜான் டெய்லர் வார்ப்பகத்தில் அவர்களுக்காக வார்த்த மணி 1 டன். ஒன்று. இரண்டு இல்லை.

சுருள்நாடா:
வந்துவிட்டார். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு "ஹெல்ஸ் பெல்ஸ்" தொடக்கத்தில் கேட்கிறதே, அது 2 டன் மணியின் நாதம். ஒலிப்பதிவாளர் டோனி பிளாட் முதலில் லஃப்பரோ போர் நினைவுக் கோபுரத்து மணியைத்தான் பதிய முயன்றார். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருந்த பறவைகள் சடசடவென்று பறக்க, பதிவு உருப்படவில்லை. அப்புறம் வார்ப்பகத்துக்காரர்கள் இசைக்குழுவின் மணியையே சீக்கிரம் முடித்துக் கொடுத்தார்கள். ரானி லேனின் நடமாடும் ஸ்டுடியோ வண்டியைக் கொண்டுபோய் அங்கேயே பதிந்தார்கள். பிறகு நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினார்கள். அதனால்தான் 2 டன். எழுதினவர் சொன்னது சரி.

கொக்கிக்காரன்:
நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் கூரையில் தொங்குகிற வெண்கலமும் இரண்டு மடங்கு கனத்துவிடுமா? நல்ல பௌதிகம். மேடையில் தொங்கியது எவ்வளவு என்பதுதான் கேள்வி. 1 டன்.

கணக்குப்பிள்ளை:
எந்த டன்? பிரிட்டிஷ் டன் 2240 பவுண்டு, 1016 கிலோ. அமெரிக்க டன் 2000 பவுண்டு, 907 கிலோ. மெட்ரிக் டன் 1000 கிலோ. மணி வார்ப்பவர்கள் ஹண்ட்ரட்வெயிட்டில் சொல்வார்கள், அது 112 பவுண்டு. முதலில் அதை முடிவு பண்ணிக்கொண்டு சண்டை போடலாமே.

கொக்கிக்காரன்:
எந்த டன்னாக இருந்தாலும் இரண்டு இல்லை. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். 1 டன் மணியை 1 டன் தூக்கும் சங்கிலி மோட்டாரில் மாட்ட மாட்டார்கள். மணியோடு அதைத் தாங்கும் தலைக்கட்டை, ஷேக்கிள் என்கிற கொக்கி வளையம், எஃகுக் கயிறு எல்லாம் சேரும். மோட்டார் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு வெட்டு வெட்டும். அதனால் கால் பங்கு கூட்டித்தான் கணக்குப் போடுவார்கள். ஆக 1 டன் மணிக்கே 2 டன் மோட்டார் தேவை. 2 டன் மோட்டாரில் சங்கிலி இரண்டு மடிப்பாக ஓடும், வேகம் பாதியாகிவிடும். 1 டன் லோட்ஸ்டார் மோட்டார் நிமிடத்துக்கு 16 அடி என்றால் 2 டன் 8 அடி. 24 அடி இறக்க மூன்று நிமிடம். இப்போது உங்கள் 2 டன் மணிக்கு என்ன மோட்டார் மாட்டுவீர்கள் சுருள்நாடா அவர்களே?

சுருள்நாடா:
இரண்டு மோட்டார். ஒன்றுதான் மாட்ட வேண்டும் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

கொக்கிக்காரன்:
இரண்டு மோட்டாரில் ஒரே சுமையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். ஒன்று அரை அங்குலம் முந்தினால் போதும், சுமை முழுக்க அதன் தலையில் விழும். இன்னொரு சங்கிலி தொளதொளவென்று ஆடும். நடுவில் ஒரு இரும்பு உத்திரம் போட்டு மோட்டாருக்கு ஒரு முனை என்று பிடித்தால்தான் பங்கு சரியாகும். அந்த இரும்புக்கும் எடை உண்டு.

கறுப்புச்சட்டை79:
பழைய பாடகர் பான் ஸ்காட் உயிரோடு இருந்த வரைக்கும் மணியும் தேவைப்படவில்லை, பீரங்கியும் தேவைப்படவில்லை. அந்த ஆள் மைக்கைப் பிடித்தாலே போதும். திருப்புமுனை ஆல்பம் என்றால் 1979 "ஹைவே டு ஹெல்"தான். அமெரிக்காவில் 17ஆம் இடம் வரை ஏறியது. மீதியெல்லாம் அதன் வட்டி.

தெருவிளக்கு:
வட்டி முதலைவிடப் பெரிதாகிவிட்டதே அண்ணே! "பேக் இன் பிளாக்" அமெரிக்காவில் 4ஆம் இடம், பிரிட்டனில் 1ஆம் இடம். பான் இறந்தது 1980 பிப்ரவரி 19. ஜூலைக் கடைசியில் புது ஆல்பம் கடையில். ஐந்து மாதத்தில் புதுப் பாடகரைப் பிடித்து, பஹாமாஸ் போய்ப் பதிந்து, ஜூன் 29 அன்று பெல்ஜியம் நாமூரில் மேடையும் ஏற்றிவிட்டார்கள். பிரையன் ஜான்சனுக்கு அதுதான் இவர்களோடு முதல் மேடை. ஆல்பம் வருவதற்கு முன்னாலேயே சுற்று ஆரம்பம். இதை எல்லாம் விட்டுவிட்டு இரண்டு பேரும் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கறுப்புச்சட்டை79:
விற்பனை எண்ணைக் காட்டிக் குரலை அளக்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

சுருள்நாடா:
தெருவிளக்கு, நீங்கள் நடுவில் வராதீர்கள். கொக்கிக்காரருக்கு நாதம் என்றால் என்னவென்றே தெரியாது, கொக்கி மட்டும்தான் தெரியும். பாதி வேகம் என்றால் சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும், மணியின் கார்வை இரட்டிப்பாக நீளும். கேட்கிறவன் காதுக்கு அது பெரிய மணி. ரசிகன் அரங்கத்துக்கு வந்தது அந்த மணியைப் பார்க்கத்தான். 2 டன்.

கொக்கிக்காரன்:
ஸ்தாயியைப் பற்றிப் பேசினீர்கள், நல்லதாகப் போயிற்று. ஒரே வடிவத்தில் மணியைப் பெரிதாக்கினால் சுருதி விட்டத்துக்கு நேர்மாறாக இறங்கும், எடை விட்டத்தின் மும்மடியாக ஏறும். எடையை இரண்டு மடங்காக்கினால் விட்டம் 1.26 மடங்கு, சுருதி நான்கு அரைஸ்வரம் மட்டும் இறங்கும். ஒரு ஸ்தாயி இறங்க விட்டம் இரண்டு மடங்கு வேண்டும், எடை எட்டு மடங்கு. 1 டன் மணி ஏறக்குறைய நான்கு அடி விட்டம். பாதி வேகத்தில் உங்கள் காதில் விழுவது எட்டு அடி விட்டத்து மணி, 8 டன். அப்படியிருக்க ஏன் 2 டன்னோடு நிறுத்திக்கொண்டீர்கள்? வெட்கப்படாமல் 8 டன் என்று எழுதுங்கள், அதுக்கும் லைக் விழும்.

சுருள்நாடா:
"ஒரே வடிவத்தில்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வார்ப்பகத்தில் சின்ன மணியை விகிதத்துக்கு மேல் தடிப்பாகத்தான் வார்ப்பார்கள், இல்லாவிட்டால் அதன் குரல் பெரிய மணிக்கு முன்னால் எடுபடாது. உங்கள் மும்மடி விதி காகிதத்தில் மட்டும் நிற்கும். செயின்ட் பால் தேவாலயத்துக்கு 1881இல் 16 டன்னுக்கு மேல் கிரேட் பால் மணியை வார்த்துக் கொடுத்த வார்ப்பகம் அது. அவர்களுக்கு 2 டன் ஒரு பொருட்டா?

கொக்கிக்காரன்:
வார்க்கிறவனுக்குப் பொருட்டில்லை. தினமும் இறக்கி ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறவனுக்குப் பொருட்டு. கிரேட் பாலைக் கோபுரத்தில் ஏற்றினார்கள், அது அங்கேயே இருக்கிறது. அதை மாலை ஆறு மணிக்குத் தொங்கவிட்டு இரவு ஒரு மணிக்கு லாரியில் ஏற்றச் சொல்லவில்லை.

தேசாந்திரி_லோடு:
லாரி என்றதும் சொல்கிறேன். வெண்கல மணியைப் படுக்க வைத்து ஏற்றக் கூடாது, விளிம்பு அடிபடும். மணி வெண்கலத்தில் வெள்ளீயம் ஏறக்குறைய 22 சதவீதம். நல்ல நாதம் கொடுக்கும், ஆனால் நொறுங்கும் குணம். வாய் கீழே இருக்கும்படி தடித்த மரக்கட்டைமேல் உட்காரவைத்து, நான்கு மூலையிலும் பட்டை இழுத்து, அச்சுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். பின்கதவோரம் வைத்தால் முன்சக்கரத்துப் பிடி போய்விடும். நாடு தாண்டும்போது, பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கான ஏடிஏ கார்னே என்கிற சுங்க ஆவணத்தில் பொருள் வாரியாக எண்ணிக்கை, எடை, விலை எழுதியிருக்க வேண்டும். போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை என்று சுங்கத்தில் பேச முடியாது.

கணக்குப்பிள்ளை:
அதே கேள்வி. அந்தக் கார்னேயில் எந்த டன்? 907க்கும் 1016க்கும் நூற்றுச் சொச்சம் கிலோ வித்தியாசம். அமெரிக்காவில் "1 டன்" என்று முத்திரை போட்ட மோட்டாரின் வரம்பு 2000 பவுண்டு. பிரிட்டிஷ் 1 டன் மணி அதிலேயே தாண்டிவிடும்.

சுருள்நாடா:
ஐயா, நாங்கள் இங்கே ஒன்றா இரண்டா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கொக்கிக்காரன்:
ஒன்று. பேச்சு முடிந்தது. மற்றபடி இந்தச் சுற்றில் மணியைவிட மோசமான சங்கதி மின்சாரம், அதை எவனும் எழுத மாட்டான். பிரிட்டனில் அப்போது 240 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. அமெரிக்காவில் 120, 60. 1981 தொடக்கத்தில் ஜப்பான் போனார்கள், அங்கே 100 வோல்ட். அதிலும் டோக்கியோ பக்கம் 50 சுழற்சி, ஒசாகா பக்கம் 60. கிதாருக்கான மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) பின்னால் வோல்ட் தேர்வுச் சாவி இருக்கும். 240இல் வைத்து 120இல் செருகினால் வால்வு பசியில் கிடக்கும், சத்தம் குழகுழ. 120இல் வைத்து 240இல் செருகினால் ஃப்யூஸ் போகும். ஃப்யூஸுக்குப் பதில் எவனாவது புத்திசாலி ஜிகினாத்தாள் சுற்றியிருந்தால் டிரான்ஸ்பார்மரே போகும்.

மோட்டாருக்கு மூன்று ஃபேஸ். 60 சுழற்சிக்குச் செய்ததை 50இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம், அது பரவாயில்லை. உயிரை வாங்குவது ஃபேஸ் வரிசை. ஏதாவது இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தால் 'மேலே' பொத்தானை அமுக்கினால் கீழே போகும். பலர் இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துப் பொத்தானைத் தலைகீழாக அமுக்கிச் சமாளிப்பார்கள். அப்போது கொக்கி எல்லை தாண்டாமல் நிறுத்துகிற வரம்புச் சுவிட்சும் வேலை செய்யாது. மேல் வரம்பு தொட்டதும் அது வெட்டுவது 'மேலே' சுற்றை, மோட்டார் ஓடிக்கொண்டிருப்பதோ 'கீழே' சுற்றில். கொக்கி மோட்டார் வாயில் போய் முட்டும், சங்கிலி அறும். அதனால் ஒவ்வொரு அரங்கிலும் சுமை மாட்டுவதற்கு முன்னால் வெறும் கொக்கியை ஒரு முழம் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இதில் 2 டன்னாம்.

தெருவிளக்கு:
இது உருப்படி. கிதார்காரர் ஆங்கஸ் யங் கேபிளுக்குப் பதில் ஷாஃபர்-வேகா வயர்லெஸ் பெட்டி வைத்திருந்தாரே, அதுக்கு நாடு மாறும்போது அலைவரிசைத் தொல்லை வராதா?

சுருள்நாடா:
வயர்லெஸ் பேச்சை எடுக்காதீர்கள். போன மாதம் அதைப் பற்றிய விவாத இழையில் இதே கொக்கிக்காரர், ஆங்கஸின் சத்தத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதித்தார். நீளமான கேபிள் மேல்சுருதியைத் தின்னும், வயர்லெஸில் அந்த இழப்பு கிடையாது. தவிர, அந்தப் பெட்டி சிக்னலை அமுக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும், ஆம்பின் வாயிலில் கூடுதலாகத் தள்ளும். ஸ்டுடியோவிலேயே அதை மாட்டித்தான் வாசித்தார். அப்போது பதில் இல்லை, இப்போது மணி அடிக்க வந்துவிட்டார்.

கொக்கிக்காரன்:
பதில் இல்லாமல் இல்லை, பதில் சொல்லத் தகுந்த ஆள் இல்லை. மணிக்கு வாருங்கள். கூரைக்கு. இரண்டு உத்திரத்திலிருந்து கயிறு இழுத்து நடுவில் தொங்கவிட்டால் கோணம் முக்கியம். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் 90 பாகை என்றால் ஒவ்வொன்றிலும் சுமையின் 70 சதவீதம். 120 பாகை என்றால் ஒவ்வொன்றிலும் முழுச் சுமை. இரண்டு கயிறு இருக்கிறதே, பாதிப் பாதி என்று நினைப்பவன்தான் ஆபத்து. 3/8 அங்குல எஃகுக் கயிறு, ஐந்து மடங்கு பாதுகாப்பு வைத்தால், சுமார் 1300 கிலோ. 1 டன் மணிக்கு 120 பாகையில் அப்படி இப்படித் தாங்கும். 2 டன்னுக்கு அரை அங்குலக் கயிறு. உத்திரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையும் இரட்டிப்பு. பழைய நாடக அரங்கில் திரைச்சீலை தொங்கவிடும் எதிரெடைக் கம்பி ஒன்று கால் டன், அரை டன்தான் தாங்கும். அங்கே 1 டன்னுக்கே மேல்தளத்து இரும்பைத் தேடிப் போக வேண்டும்.

சுருள்நாடா:
எல்லாக் கணக்கும் "2 டன் முடியும், ஆனால் கயிறு தடிப்பாக வேண்டும்" என்றுதான் சொல்கிறது. நன்றி.

தேசாந்திரி_லோடு:
பிரையன் ஜான்சன் சுத்தியலால் அடிப்பாரே, அதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஒற்றைப் புள்ளியில் தொங்கினால் அடித்ததும் சுற்றாதா?

கொக்கிக்காரன்:
சுற்றும். அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியாது. இரட்டைக் கயிறு அதைக் கட்டிப்போடும். அடிக்க வேண்டிய இடம் விளிம்புக்குச் சற்று மேலே, உலோகம் மிகத் தடித்திருக்கும் வளையம். இடுப்பில் அடித்தால் டொக்கென்று நிற்கும். அடித்ததும் சுத்தியல் துள்ளி விலக வேண்டும், அப்படியே அமுக்கிப் பிடித்தால் நாதமும் சாகும், வெண்கலத்திலும் விரிசல் விழும். கோயில் மணியில் நாக்கைப் பிடித்துக்கொள்கிற பிள்ளையை அதட்டுவோமே, அதே காரணம். மைக்கை மணிக்குக் கீழே வைத்தால் ஸ்பீக்கரின் தாழ்சுருதி மணிக்குள் புகுந்து அதுவே முனகத் தொடங்கும். பாட்டு முடிகிற வரைக்கும் அந்த மைக்கை மூடி வைக்கணும். 1 டன் மணியே இந்தப் பாடு.

கறுப்புச்சட்டை79:
அடுத்த வருஷமே மேடைக்குப் பீரங்கி வேறு கொண்டுவந்தார்கள். ஏன்? மணி போதவில்லை. ஏன் போதவில்லை? பான் இல்லை.

தெருவிளக்கு:
1981 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தில் டோனிங்டன் திறந்தவெளியில் தலைமை நிகழ்ச்சி இவர்களுடையது. வார்ப்பகம் இருக்கிற ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். பான் இல்லாமல்தான் அத்தனை கூட்டம் அண்ணே.

கறுப்புச்சட்டை79:
கூட்டம் சேர்ந்தால் சரியா? திருவிழாவில் பலூன்காரனுக்கும் கூட்டம் சேரும்.

கணக்குப்பிள்ளை:
மூன்றாவது தடவை கேட்கிறேன். 20 ஹண்ட்ரட்வெயிட்டா, 2000 பவுண்டா?

கொக்கிக்காரன்:
டன் என்றால் டன்தான் சார். எழுதினவர் இன்னும் அந்த வரியைத் திருத்தவில்லை, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். இன்னும் மூன்று "அருமை" கூடியிருக்கிறது.

சுருள்நாடா:
திருத்த மாட்டார். நான்தான் தனிச்செய்தியில் சொன்னேன், திருத்த வேண்டாம் என்று. 2 டன்.

கொக்கிக்காரன்:
அப்படியா. சரி, வயர்லெஸ் இழையை நானே மேலே தள்ளிவிட்டு வருகிறேன். கேபிள் எத்தனை அடி, அடிக்கு எத்தனை பிகோஃபாரட் மின்தேக்கம் என்று எழுதி வையுங்கள், அங்கே பேசுவோம். மணி 1 டன்.