பிப்ரவரியில் நன்றாக இருந்த லோடு, ஜூலையில் போல்ட்டைப் பிடிக்கிறது. வெயில்தான் காரணமா?

ஹில்கன்ட்ரி முருகன்:
எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில் ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கிறேன், தோட்டாக்களை நானே நிரப்புகிறேன். துப்பாக்கி .30-06 தோட்டா போடுவது, புல்லட் எடை 165 கிரெயின். பிப்ரவரியில், காலை 45 டிகிரி இருக்கும்போது (பாரன்ஹீட்தான்), லோடு (எந்தப் பவுடர், எவ்வளவு என்ற சேர்க்கை) தேடி முடித்தேன். மேனுவலில் உள்ள உச்ச அளவுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டேன். சராசரி வேகம் விநாடிக்கு 2,800 அடி. நூறு கஜத்தில் குண்டுகள் ஒரு அங்குலத்துக்குள் விழுந்தன.

போன வாரம் 98 டிகிரி வெயிலில் அதே தோட்டாக்களைச் சுட்டேன். வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் 2,860 காட்டியது. போல்ட் (தோட்டாவுக்குப் பின்னால் மூடும் தாழ்) கைப்பிடியை உள்ளங்கையால் தட்டித்தான் தூக்க முடிந்தது. பவுடர் பழைய காலத்து டபுள்பேஸ் வகை (நைட்ரோசெல்லுலோஸோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது). பெயர் சொல்லவில்லை, சண்டை வரும்.

ஒரு டிகிரிக்கு எத்தனை அடி வேகம் மாறும் என்று பட்டியல் போட்டு ஸ்கோப்பைத் திருத்திக்கொண்டால் போதுமா?

டாலஸ் கார்த்தி:
இதற்கென்றே, சூடு குளிருக்கு அதிகம் அசையாத பவுடர்களை ஹாட்ஜ்டன் கம்பெனி எக்ஸ்ட்ரீம் வரிசை என்று விற்கிறதே. வார்கெட், எச்4350, எச்4831 எல்லாம் அதில்தான் வரும். ஆஸ்திரேலியாவில் முல்வாலாவில் தயாராகிறவை, அந்த ஊர் வெயிலுக்கே பழகியவை. மாற்றிவிடுங்கள், கதை முடிந்தது.

பாலைவனத்தான்:
கார்த்தி சொன்னது சரி, ஆனால் கதை அவ்வளவு சீக்கிரம் முடியாது. முருகன், நீங்கள் ஸ்கோப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் போல்ட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. 53 டிகிரி வித்தியாசத்துக்கு 60 அடி, அதாவது டிகிரிக்கு ஓர் அடிக்குச் சற்று மேல். பழைய வகைப் பவுடர்களுக்கு ரொம்ப நாளாகச் சொல்லப்படும் கைக்கணக்கே டிகிரிக்கு ஓர் அடிதான். அந்த 60 அடியால் 300 கஜத்தில் குண்டு ஏறக்குறைய ஒரு அங்குலம் மேலே போகும், 600 கஜத்தில் ஐந்து அங்குலம். மான் வேட்டைக்காரருக்கு ஒரு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. அத்தனை தூரத்தில் நம் மூச்சே அதைவிட அதிகம் ஆட்டும். தூரப்போட்டிக்குப் போகிறவர் பட்டியல் போடட்டும்.

உங்கள் பிரச்சினை அழுத்தம். பவுடர் மணி ஒவ்வொன்றும் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, அடுக்கடுக்காக எரிகிறது. அடுத்த அடுக்கு பற்ற வேண்டுமானால் அது பற்றும் சூட்டுக்கு ஏற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது போலத்தான்: மணி ஏற்கெனவே சூடாக இருந்தால் ஏற வேண்டிய தூரம் குறைவு, எரிதல் வேகமாகிறது. எரிதல் வேகமானால் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எரிதல் இன்னும் வேகமாகும். ஒன்றை ஒன்று தூக்கிவிடும். அதனால்தான் உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும் லோடில் வேகம் சின்னதாக ஏறியிருந்தால், அழுத்தம் அதைவிட நிறையவே ஏறியிருக்கும். .30-06க்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. உங்கள் போல்ட் தட்டித் தூக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்றால் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்ட கேஸ்களை (பித்தளை உறைகளை) எடுத்துப் பாருங்கள். அடியில் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமரின் ஓரத்தில் இருக்கும் சின்ன வளைவு மறைந்து, தட்டையாகக் குழியை நிரப்பியிருக்கிறதா? அடிப்பக்கத்தில், எழுத்துகள் பொறித்த வட்டத்தில், பளபளவென்று ஒரு தேய்மானம் தெரிகிறதா? அது போல்ட் முகத்தில் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஓட்டைக்குள் பித்தளை பிதுங்கி, போல்ட் திரும்பும்போது வழிக்கப்பட்ட தடம். பிரைமரை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன், மெல்லிய உலோகத்தில் செய்த பிரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். ஆனால் தட்டை பிரைமர், எஜெக்டர் தடம், கனத்த போல்ட் மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன 98 காற்றின் சூடு. பவுடருக்கு அது தெரியாது. தோட்டா டப்பா வெயிலில் பெஞ்சுமேல் இருந்ததா, காரின் டாஷ்போர்டில் வந்ததா? இங்கே அரிசோனாவில் வெயிலில் கிடந்த தோட்டாவைக் கையில் பிடிக்கவே முடியாது. அதைவிட மோசம், வரிசையாகச் சுட்டுச் சூடேறிய பேரலில் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டுப் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருப்பது. சேம்பர் அதை வேகவைத்துவிடும்.

ஹில்கன்ட்ரி முருகன்:
பார்த்தேன் அண்ணா. மூன்றுமே இருக்கிறது. டப்பா வெயிலில்தான் இருந்தது. நவம்பரில்தானே மான் சீசன், அப்போது இந்த லோடு சரியாக இருக்கும் இல்லையா?

பாலைவனத்தான்:
உங்கள் ஊரில் காட்டுப்பன்றியை ஆகஸ்டிலும் சுடுவீர்கள்தானே? அதனால் சூட்டை வைத்தே லோடு தேடுங்கள். குறைந்த அளவிலிருந்து மறுபடி ஆரம்பித்து, கோடையில் எந்த அறிகுறியும் இல்லாமல் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் உச்சம். குளிரில் ஐம்பது அறுபது அடி குறைந்தால் குறையட்டும், மான் கண்டுகொள்ளாது.

பவுடர் மாற்றினாலும் இதே வழிதான். எக்ஸ்ட்ரீம் என்று டப்பாவில் போட்டிருப்பதால் எல்லா கேஸிலும், எல்லாப் புல்லட்டோடும் ஒரே மாதிரி அசையாமல் இருக்கும் என்று அர்த்தமில்லை. சோதித்துப் பாருங்கள்: சில தோட்டாக்களை ஐஸ் பெட்டியில், ஈரம் படாமல் மூடிய பையில் வையுங்கள். சிலவற்றை நிழலில் வையுங்கள். மாற்றி மாற்றிச் சுடுங்கள், அப்போதுதான் பேரல் சூடு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும். ஏற்றியதும் சுட்டுவிடுங்கள். தோட்டாவை அடுப்பில், ஓவனில் சூடாக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

மினசோட்டா மாப்பிள்ளை:
எங்கள் பக்கம் தலைகீழ். மைனஸ் பத்தில் உருண்டை மணிகளாக வரும் ‘பால்’ (ball) வகைப் பவுடர் சோம்பேறித்தனமாகப் பற்றும், அதனால் பலர் இன்னும் பலமாகப் பற்றவைக்கும் மேக்னம் பிரைமருக்கு மாறுகிறார்கள். மாறினால் அளவைக் குறைத்து முதலிலிருந்து தேட வேண்டும், அப்படியே பிரைமரை மட்டும் மாற்றக் கூடாது. அப்புறம், குளிரில் சுடாமல் போனால் உடனே பவுடரைத் திட்டாதீர்கள். பாதி நேரம் போல்ட்டுக்குள் போட்ட எண்ணெய் கெட்டியாகி ஊசி மெதுவாக அடித்திருக்கும்.

குன்னூரான்:
இது நூறு வருஷத்துப் பஞ்சாயத்து. எங்கள் ஊர்ப்பக்கம் அருவங்காட்டில் பிரிட்டிஷார் தொடங்கிய கார்டைட் (கயிறு போல வரும் பழைய டபுள்பேஸ் பவுடர்) தொழிற்சாலை இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கைனாக் கம்பெனி வெப்ப நாடுகளுக்கென்று கார்டைட் அளவைக் குறைத்துத் தனித் தோட்டாக்களே விற்றது. யானைத் துப்பாக்கிகளின் நைட்ரோ எக்ஸ்பிரஸ் கேஸ்கள் அவ்வளவு பெரிதாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்: இடம் அதிகம், அழுத்தம் குறைவு, இந்திய வெயிலிலும் கேஸ் சேம்பரில் சிக்காமல் வெளியே வரும். யானை எதிரே நிற்கும்போது உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருக்க முடியாதே. இன்றைக்கு நேட்டோ தோட்டாக்களை 21, 52, மைனஸ் 54 செல்சியஸ் மூன்றிலும் வைத்துச் சோதிப்பதும் இதே பயத்தில்தான்.

ஹில்கன்ட்ரி முருகன்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. மிச்சமுள்ள தோட்டாக்களைக் குளிர்காலத்துக்கென்று எழுதி ஒட்டி வைக்கலாமா?

பாலைவனத்தான்:
வேண்டாம். ஸ்டிக்கர் உதிரும், டப்பா மாறும், ஏதாவது ஒரு ஆகஸ்டில் உங்கள் மச்சான் அதை எடுத்துப் போட்டுச் சுடுவார். சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லட் புல்லர் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பிரித்துவிடுங்கள். புல்லட்டும் கேஸும் மறுபடி உதவும். பவுடர் எதுவென்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் மட்டும் அதன் சொந்த டப்பாவில் கொட்டுங்கள், இல்லையென்றால் தோட்டத்தில் தூவிவிடுங்கள். சுட்ட கேஸ்களில் பிரைமர் குழி தளர்ந்து, புதுப் பிரைமர் கையழுத்தத்திலேயே உள்ளே போனால் அந்தக் கேஸைத் தூக்கிப் போடுங்கள்.