'இது சொல் இல்லை' என்று விளையாட்டு சொன்னபோது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே தொடங்கிவைக்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து இணையத்தில் ஒரு சிறிய தமிழ்ச் சொல் விளையாட்டை நடத்துகிறோம். கட்டத்தில் ஒன்பது எழுத்துகள் இருக்கும். அவற்றைக் கூட்டி எத்தனை சொல் அமைக்க முடியுமோ அமைக்கலாம். எந்தச் சொல்லை ஏற்பது, எதைத் தள்ளுவது என்கிற வேலை என் தலையில் விழுந்தது. மற்ற இருவருக்கும் நிரல் எழுதத் தெரியும், எனக்குத் தெரியாது. என் தகுதி அவ்வளவுதான்.

அகராதியில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் தவறு என்று எளிதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாரமே 'தல்' வந்து என்னைக் கவிழ்த்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, வினைகளை 'ஓடுதல்', 'பாடுதல்' என்றே தலைச்சொல்லாக வைக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் அவை 'ஓடு', 'பாடு' என்று நிற்கின்றன. எதற்கு வம்பு என்று இரண்டையும் அனுமதித்துவிட்டேன். ஒரு நாள் கட்டத்தில் டு, த, ல் மூன்றும் சேர்ந்து அமைந்தன. கூடவே ஆ, ஓ, நா, பா, தே. ஒருவர் ஆடு, ஆடுதல், ஓடு, ஓடுதல், நாடு, நாடுதல் என்று மூச்சுவிடாமல் பத்துச் சொற்களைத் தட்டி முதலிடத்தில் போய் அமர்ந்தார். மற்றவர்கள் கொதித்தார்கள். அவர் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை; கதவைத் திறந்து வைத்தவன் நான்.

அடுத்து ஒரு சிறுவனின் கேள்வி: "வா சொல் என்றால் வந்தான் சொல் இல்லையா?" சொல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே வினையை மூன்று காலம், மூவிடம், ஐம்பால், எச்சம், எதிர்மறை என்று விரித்தால் நூற்றுக்கணக்கில் பெருகும். பெயர்ச்சொற்களோடு வேற்றுமை உருபுகளையும் பன்மையையும் விட்டால் விளையாட்டு விடியும்வரை முடியாது. ஆகவே தள்ளினோம். தள்ளியதைவிட, தள்ளும்போது திரையில் வந்த 'இது சொல் இல்லை' என்ற வாசகம்தான் அவனைப் புண்படுத்தியிருக்கிறது. இப்போது 'எங்கள் பட்டியலில் இல்லை' என்று வரும். மூன்று மாத உழைப்பில் நான் உருப்படியாகச் செய்த வேலை இந்த ஒரு வரி மாற்றம்தான் என்று தோன்றுகிறது.

தள்ளப்பட்ட சொற்கள் எல்லாம் ஒரு கோப்பில் சேர்கின்றன. ஞாயிறு காலைகளில் அதைப் படிக்கிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

* * *

அந்தக் கோப்பில் 'கதிரை' இருக்கும், பாருங்கள். நான்கு முறை இருந்தால் நான்கும் நான் போட்டவை.

இலங்கைத் தமிழர்களாகிய எங்கள் வீட்டில் யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை, கதிரையில்தான் உட்காருகிறோம். உங்கள் விளையாட்டு அதைத் தள்ளியது. போகட்டும், போர்த்துக்கேயச் சொல் என்று தள்ளியிருப்பீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் 'மேசை' என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது! மேசையும் போர்த்துக்கேயர் தந்ததுதான். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அப்படித்தான். ஒரே கப்பலில் வந்து இறங்கிய மேசைக்குக் குடியுரிமை, கதிரைக்கு இல்லை என்றால், நீங்கள் சொல்லைப் பார்க்கவில்லை, அதைப் பேசுகிறவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்று பார்த்திருக்கிறீர்கள். செய்யுளுக்கே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் தொல்காப்பியம் அனுமதிக்கிறது. ஒன்பது கட்டங்களுக்கு அதைவிடக் கறார் எதற்கு?

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

* * *

நான் விளையாடியது வேறொரு விளையாட்டு. மூன்றெழுத்துப் பறவை ஒன்றைக் கேட்டது. 'கொக்கு' என்றேன். "ஆறு எழுத்துகள் உள்ளன" என்று திருப்பி அனுப்பியது. என் கணக்கு தப்பா என்று விரல்விட்டு எண்ணினேன். கொ, க், கு. மூன்றுதான்.

பிறகு விவரம் தெரிந்த ஒருவர் விளக்கினார். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் உயிர்மெய் ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ககரம் தனி, அதன் ஒகரக் குறி தனி, புள்ளி தனி, உகரக் குறி தனி. கணினி அந்தத் துண்டுகளை எண்ணியிருக்கிறது. அதன் கணக்கில் 'தமிழ்' ஐந்து எழுத்து. இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால், ஒரு விசைப்பலகையில் அடித்த சொல்லை ஏற்று, இன்னொன்றில் அடித்த அதே சொல்லைத் தள்ளும். எது தமிழ்ச் சொல் என்ற சண்டைக்கு முன்னால், எது ஓர் எழுத்து என்பதையாவது இவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டாமா?

* * *

ஒரு விளையாட்டு 'கோயில்' என்பதை ஏற்றது. 'கோவில்' என்பதைத் தள்ளியது. இரண்டும் சரி என்று பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அதே விளையாட்டு 'நாகரீகம்' என்ற பிழையை ஏற்றுக்கொண்டது. இதைவிட அநாகரிகம் உண்டா?

* * *

ஆங்கிலத்திலும் இதே கூத்துதான். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் என் அக்காள் க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சீன மொழியில் உயிராற்றலைக் குறிக்கும் சொல்லாம், பட்டியலில் இருக்கிறது. வாழ்நாளில் ஒருமுறையாவது பேச்சில் பயன்படுத்தியிருக்கிறாயா என்று கேட்டேன். "பொருள் தெரியாமல் மதிப்பெண் வாங்குவது எனக்குப் புதிதா?" என்றாள்.

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் 'வேர்டில்' என்ற இணைய விளையாட்டு இதை வேறு விதமாகச் சமாளித்தது. ஐந்தெழுத்துச் சொற்கள் 12,000க்கு மேல் இருந்தனவாம். அதை உருவாக்கிய ஜோஷ் வார்டிலின் துணைவி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரியும், தெரியாது, தெரிந்தாலும் தெரியலாம் என்று பிரித்திருக்கிறார். அப்படி வடிகட்டியதில் விடையாக வரக்கூடியவை அப்போது சுமார் 2,300 மட்டும். மற்றவற்றை ஊகமாகப் போட்டால் ஏற்றது, விடையாகக் கேட்கவில்லை. தமிழிலும் இப்படி இரண்டு பட்டியல்கள் வைத்தால் பாதிச் சண்டை அடங்கும். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்கிறது. அதில் 'ஓ' என்றால் மதகில் நீரைத் தாங்கும் பலகை. தெரிந்தவர் போட்டால் தாராளமாக மதிப்பெண் கொடுங்கள். அதை விடையாக வைத்து எங்களைக் கொல்லாதீர்கள்.

* * *

இரண்டு பட்டியலிலும் இருக்கக் கூடாத சொற்கள் உண்டு. ஒரு விளையாட்டில் என் மகள் தோற்றதும், 'நீங்கள் விட்டுவிட்ட சொற்கள்' என்று வரிசையாகக் காட்டியது. அதில் ஒன்று, ஒரு சாதியினரை இழிவுபடுத்தச் சொல்லப்படும் சொல். "அப்பா, இதற்கு என்ன அர்த்தம்?" என்றாள். அகராதியை எடுத்து அப்படியே கொட்டியவருக்கு அந்தக் கேள்வி போய்ச் சேராது, எனக்குத்தான் வந்தது.

அகராதியில் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்றே சொல்வேன்; பழைய எழுத்தைப் படிக்கிறவருக்கு அது தேவைப்படும். ஆனால் மதிப்பெண்ணுக்கு எதற்கு? ஸ்கிராபிளிலும் 2020இல் வட அமெரிக்க ஆட்டக்காரர்களின் சங்கம் இருநூறுக்கும் மேற்பட்ட வசைச்சொற்களை நீக்கியது. பொருளைப் பார்க்காதே, எழுத்துகளை மட்டும் பார் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது, ஏற்க முடியவில்லை.

* * *

தொடங்கியவன்தான் மீண்டும் எழுதுகிறேன். கோப்பைத் திறந்து தேடினேன். 'கதிரை' நான்கு முறை இல்லை, பதினொரு முறை இருந்தது. மேசையை ஏற்று அதைத் தள்ளியதற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை. எனக்குத் தெரிந்த தமிழை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் பிழை. சேர்த்துவிட்டேன், இலங்கையில் சோப்பைச் சொல்லும் 'சவர்க்கார'த்தையும் சேர்த்துவிட்டேன். 'தல்' போய்விட்டது, ஆடுதல் ஓடுதல் ஆசாமி இன்னும் என்னோடு பேசவில்லை. விட்டுவிட்ட சொற்களாகக் காட்டப்படுபவற்றை இனி ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கப்போகிறேன். அதற்குச் சில வாரங்கள் ஆகும். கொக்கை எங்களிடம் சோதித்துப் பார்த்தேன். நல்லவேளை, மூன்று எழுத்துதான்.

இன்று காலைக் கோப்பின் முதல் வரியில் தள்ளப்பட்ட சொல் ஒன்று இருந்தது: 'கதிரைகள்'.