யூரோப் சின்ன டிஸ்டிலரி விஸ்கி: மச்சான் வர்றாப்ல, எதை வாங்கிட்டு வரச் சொல்றது?

நூல்கண்டு (திருப்பூர்):
எல்லாருக்கும் வணக்கமுங்க. மச்சான் நெதர்லாந்துல ஐன்ட்ஹோவன் பக்கம் வேலைல இருக்காப்ல, ஆடி நோம்பிக்கு சம்சாரத்தோட ஊருக்கு வர்றாப்ல. தலைக்கு ரெண்டு லிட்டர் ட்யூட்டி இல்லாம கொண்டாரலாமாம், என்ன வேணும்னு கேட்டுட்டே இருக்காப்ல. ஸ்காட்ச் சொல்றதுக்கு மனசு வரல, அது இங்கயே எலைட் கடைல கெடைக்குது. நாங்க நாலஞ்சு கூட்டாளிக சனிக்கெழமை ராத்திரி உக்காந்து நம்ம நாட்டு அம்ருத், பால் ஜான், ஸ்காட்லாந்துல ஸ்பேசைட் கொஞ்சம், பொகை வாசமடிக்கற ஐலா கொஞ்சம்னு ஓரளவுக்கு ருசி பாத்து வச்சிருக்கோம். இப்ப ஸ்வீடன், டென்மார்க், பிரான்ஸ்னு சின்னச் சின்ன டிஸ்டிலரியெல்லாம் நல்லா பண்றாங்கன்னு கேள்விப்படறேன், ஒரு டேனிஷ் பையர் சாப்புடறப்ப ஸ்டௌனிங்னு ஒரு பேரைச் சொல்லி சிலாகிச்சாரு. எதை எதோட வச்சுக் குடிச்சா வித்தியாசம் நல்லாத் தெரியும்? ஸ்காட்ச் மாதிரியே இன்னொன்னுன்னா வேண்டாமுங்க. பாட்டிலுக்கு 60, 70 யூரோ தாண்டுனா ஊட்டுல கணக்குச் சொல்ல முடியாது.

சிறுவாணித்தண்ணி (கோவை):
ஏனுங்ணா, மொதல்ல லிட்டர் கணக்கைப் பாத்துக்கங்க. அங்க பாட்டில் 700 மில்லி, மூணு எடுத்தா 2.1 லிட்டர் ஆயிரும், அந்த நூறு மில்லிக்காக கஸ்டம்ஸ்ல நின்னு தொண்டத்தண்ணி வத்தப் பேசணும். தலைக்கு ரெண்டு 700, ஒரு 500 ன்னு எடுத்தா 1.9ல முடிஞ்சுது.

அப்புறம் நாட்டைப் பாத்து வாங்காதீங்க, தானியத்தைப் பாத்து வாங்குங்க. ஸ்காட்ச் சிங்கிள் மால்ட்னா முளைகட்டுன பார்லி மட்டுந்தான், வேறெந்தத் தானியத்தையும் சேர்க்கக் கூடாது. யூரோப் சட்டத்துல விஸ்கின்னு பேர் வைக்கறதுக்கு 3 வருஷம், 700 லிட்டருக்கு மேல போகாத மரப்பீப்பாய், 40 சதவீத ஆல்கஹால், இவ்வளவு இருந்தாப் போதும், எந்தத் தானியம்னு கட்டாயம் கெடையாது. அதனால பார்லியை விட்டு வெளிய வந்த ஆளுங்ககிட்டதான் நெசமான வித்தியாசம் இருக்குது.

உங்க மச்சான் இருக்கற எடத்துல இருந்து கார்ல ஒரு மணி நேரத்துக்குள்ள பார்லே நசாவ்னு ஒரு ஊரு வருது, தெருவுக்கு நடுவால பெல்ஜியம் பார்டர் குறுக்கும் நெடுக்குமா ஓடுற ஊரு. அங்க ஸைடம்னு ஒரு குடும்பம் 1975ல இருந்து ஜெனீவர்ங்கற ஜின் மாதிரி டச்சுச் சாராயம் காச்சிட்டு இருக்காங்க, விஸ்கிக்கு அவங்க வச்ச பேரு மில்ஸ்டோன், ஏன்னா தானியத்தைக் காத்தாலைல அரைக்கறாங்க. அதுல மில்ஸ்டோன் 100 ரை வாங்கச் சொல்லுங்க, நூறு சதவீதம் ரை (கோதுமை மாதிரி ஒரு தானியம்), நூறு மாசம் புது அமெரிக்கன் ஓக்ல, நூறு ப்ரூஃப், அதாவது 50 சதவீதம். மொளகு, கிராம்பு, காஞ்ச ஆரஞ்சுத்தோல்னு வரிசையா வரும். ரை வச்சு வேலை செய்யறது லேசுப்பட்டதில்லீங்ணா, தண்ணில போட்டா ராகிக்களி கிண்டுற மாதிரி கொழகொழன்னு ஒட்டிக்கும், நொரை வேற பொங்கும், அதனாலதான் நெறைய பேரு இந்த வம்பே வேண்டாம்னு பார்லிலயே நின்னுக்கறாங்க.

ஸ்டௌனிங் சொன்ன பையர் நல்ல ஆளுதான். 2005ல ஒம்பது கூட்டாளிக சேந்து ஆரம்பிச்சது, ஒருத்தருக்குக் கூட டிஸ்டில்லிங் தொழில் கெடையாது, பழைய கறிக்கடைலதான் மொத அடுப்பு. இப்பப் பெருசாயிட்டாங்க, ஆனாலும் தரைல தானியத்தைப் பரப்பி அவங்களே முளைகட்றாங்க, 24 சின்னச் செம்பு ஸ்டில்லு (காச்சற பாத்திரம்), ஒவ்வொண்ணுக்கும் நேரா அடில தீ. இவங்க ரையையும் மில்ஸ்டோன் ரையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ரைதான் ஆனா ஒண்ணு பலகாரக்கடை வாசம், இன்னொண்ணு மளிகைக்கடை வாசம். எது எதுன்னு நான் சொல்லமாட்டேன்.

மூணாவதா பிரான்ஸ்ல பிரிட்டனி பக்கம் எட்டூன்னு ஒண்ணு, பக்வீட்ல பண்றது. பக்வீட் நெல்லு, கோதுமை மாதிரி புல்லு ஜாதியே கெடையாது, ஆனா விஸ்கியாத்தான் விக்கறாங்க. 2002ல இருந்து பாட்டில் வருது. இது சில பேருக்குப் புடிக்கும், சில பேரு மொகத்தைச் சுளிப்பாங்க, எதுக்கும் ஒரு பாட்டில் இருந்தா பேச்சு நல்லா ஓடும்.

எளநீ_வியாபாரி (பொள்ளாச்சி):
நடுவுல பூந்து பேசறதுக்கு மன்னிக்கோணும். கிராஃப்ட்ங்கற வார்த்தைக்கு அந்த யூரோப் சட்டத்துலயே அர்த்தம் எழுதல, யாரு வேணா லேபிள்ல போட்டுக்கலாம். ஒம்பது கூட்டாளிக கதை நல்லாத்தான் இருக்குது, ஆனா 2015லயே டியாஜியோங்கற பெரிய சாராயக் கம்பெனி பக்கத்துப் பணம் அதுல எறங்கியாச்சு, அதையும் சொல்லுங்க. அப்புறம் குளிர் நாட்டுல 3 வருஷம், 4 வருஷம்னா சரக்கு இன்னும் பச்சைதான். பெங்களூர்ல பீப்பாய்ல இருந்து வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல ஆவியாகுது, ஸ்காட்லாந்துல ரெண்டு சதவீதம், அந்த வேகத்துலதான் அம்ருத் அஞ்சாறு வருஷத்துல பழுத்துருது. அங்க அந்தச் சூடு இல்லாததுனால சின்னப் பீப்பாய், புது ஓக்குன்னு குறுக்குவழில போயி கலரை ஏத்தறாங்க, குடிச்சா மரத்தூள் வாசம் தொண்டைல நிக்குது. அந்த 70 யூரோவுக்கு இங்க அம்ருத் ஃப்யூஷன் வாங்கி மிச்சக் காசுல கொடிவேரி போயி மீன் தின்னுட்டு வரலாம்.

சிறுவாணித்தண்ணி (கோவை):
எளநீண்ணா, மரத்தூள் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், அப்படிப்பட்ட பாட்டில் நெறைய இருக்குது. டியாஜியோ பணமும் உண்மை. ஆனா பணம் வந்ததுக்கப்புறமும் அதே சின்ன ஸ்டில்லையே இன்னும் நெறைய வாங்கி வரிசையா நிறுத்துனாங்க, ஒரு பெரிய ஸ்டில்லா மாத்தல, எனக்கு அது பெரிய விஷயமாத் தெரியுது. வயசு கணக்கு ரைக்குச் சரிப்படாதுங்கண்ணா, ரை சின்ன வயசுலயே பேசும், பார்லிதான் காத்திருக்கோணும். பார்லிலயும் ஆளைப் பொறுத்து இருக்குது. ஜிம் ஸ்வான்னு ஒருத்தரு இருந்தாரு, இப்ப இல்ல, பழைய ஒயின் பீப்பாயை உள்பக்கம் செதுக்கி, வாட்டி, மறுபடி கருக்கி எடுக்கற முறையைப் பரப்புனவரு. தைவான் கவலான், வேல்ஸ் பென்டெரின், இங்கிலாந்து காட்ஸ்வோல்ட்ஸ் எல்லாம் அவரு கை பட்டதுதான். காட்ஸ்வோல்ட்ஸ் மூணு வருஷம் சொச்சத்துல வெளிய விட்ட சரக்குலயே மரத்தூள் இல்ல, பழவாசம்தான். அதனால பச்சைன்னு எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க.

ஈரோட்டுப்பொண்ணு (இப்ப ம்யூனிக்):
வணக்கங்ணா. எல்லாரும் ரை ரைன்னு சொல்றீங்க, உங்க கூட்டாளிகள்ல காரமே ஆகாதவங்களும் இருப்பாங்கல்ல? இங்க பவாரியால ஷ்லியர்சே ஏரிக்கிட்ட ஸ்லைர்ஸ்னு ஒரு டிஸ்டிலரி, 1999ல ஆரம்பிச்சது, எங்க ஆபீஸ்ல இருந்து ஒருக்கா கூட்டிட்டுப் போனாங்க, மலை, மாடு, மணிச்சத்தம்னு நம்ம ஊட்டி பக்கம் போனாப்லயே இருந்துச்சு. 225 லிட்டர் புது அமெரிக்கன் ஓக், அதனால வெனிலாவும் தேனும் தூக்கலா இருக்கும். எளநீண்ணா சொன்ன புது ஓக் சங்கதி இதுல இருக்கத்தான் செய்யும், ஆனா போர்பன்ங்கற அமெரிக்கன் விஸ்கி புடிச்சவங்களுக்கு இது மொத வாய்லயே புடிச்சுரும். எனக்கு ரெண்டாவது கிளாஸ் வேணும்னு தோணல, அதையும் சொல்லிர்றேன்.

500 மில்லி பாட்டில் தேடறீங்கன்னா ஸ்விட்சர்லாந்து சைன்டிஸ் பாருங்க. அப்பன்ஸெல்ல லோக்கர்னு பீர் ப்ரூவரி, அவங்க பழைய ஓக் பீர்ப்பீப்பாய்ல விஸ்கியை வைக்கறாங்க. அந்த நாட்டுல தானியத்துல சாராயம் காச்சவே 1999 ஜூலை வரைக்கும் தடை, அது எடுத்த வருஷமே எறங்கிட்டாங்க. பீர்ப்பீப்பாய் ருசி வேற எங்கயும் எனக்குக் கெடைக்கல, காஞ்ச திராட்சை, கொஞ்சம் கசப்பு. அதுல ட்ரைஃபால்டிக்கைட்னு ஒண்ணு 52 சதவீதம், நல்ல பொகை, ஐலா புடிச்சவங்களுக்கு அது.

பொகைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஸ்வீடன் மேக்மைரா பொகைக்கு ஜூனிப்பர் கட்டையும் சேத்து எரிக்கறாங்க, பீட்ங்கற சதுப்புநெலத்துக் கரிமண்ணுப் பொகை மட்டும் குடிச்சுப் பழகுனவங்களுக்கு அது தனி வாசம். கம்பெனி 2024ல திவாலாயி கைமாறுச்சு, இருந்தாலும் பாட்டில் கடைகள்ல பாக்கறேன். இன்னொண்ணு, இங்க நெறைய கடைல 20 மில்லி, 50 மில்லி சாம்பிள் பாட்டில் விக்கறாங்க, மொத்தமா ஆறு பாட்டில் சொமக்கறதுக்கு ரெண்டு முழு பாட்டிலும் பத்துப் பன்னெண்டு சாம்பிளும் எடுத்தாக்கூட ருசி பாக்கப் போதும். கஸ்டம்ஸ் லிட்டர் கணக்குல அதையும் சேத்துக்கங்க.

நூல்கண்டு (திருப்பூர்):
அம்மிணி, சாம்பிள் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றிங்க. இன்னொரு சந்தேகம் எல்லார்கிட்டயும். நாங்க எப்பவும் மொட்டை மாடிலதான் உக்காருவோம், ஐஸ் போட்டு, ஆளுக்குப் பள்ளிபாளையம் சிக்கன் ஒரு தட்டு. இந்த ஐட்டத்துக்கெல்லாம் அது சரிப்படுமா? எங்க போர் தண்ணி வேற ஒரே உப்பு.

சிறுவாணித்தண்ணி (கோவை):
மொட்டை மாடி வேண்டவே வேண்டாமுங்ணா, ஆடி மாசம்! பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்கற காத்துல நீங்க மோந்து பாக்கறதுக்குள்ள வாசம் தாராபுரம் போயிரும். ஊட்டுக்குள்ள உக்காருங்க, ஃபேனைக் கொறைச்சு வைங்க. கிளாஸ் வாய் குறுகுனதா இருக்கோணும், க்ளென்கெய்ர்ன் இல்லீன்னா ஒயின் கிளாஸே போதும். சூட்டுல ஆல்கஹால் மூக்கைக் குத்தும், அதுக்காக ஐஸ் போட்டா வாசமே அமுங்கிரும், அதனால குடிக்கறதுக்கு முன்னாடி பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஏசி ரூம்ல வச்சு எடுங்க, ஃப்ரிட்ஜ்ல வேண்டாம். ஆளுக்கு 15 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க, ஆறு கிளாஸ்னா அதுவே 90 மில்லி ஆச்சு.

தண்ணி முக்கியம். போர் தண்ணி ஊத்துனா மில்ஸ்டோன் காசு சாக்கடைக்குப் போச்சு. எங்கூர்ல இருந்து ஒரு கேன் சிறுவாணித் தண்ணி கொடுத்து உடறேன், இல்லீன்னா உப்பு கம்மியான பாட்டில் தண்ணி. மொதல்ல வெறுசா ஒரு வாய், அப்புறம் சொட்டுச் சொட்டா. ஏன்னா 2017ல ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சிமுலேஷன் போட்டுப் பாத்தாங்க, குவாயகோல்னு பொகை வாசத்துக்குக் காரணமான ஒரு மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழ வர்றப்ப திரவத்தோட மேல்பரப்புக்கு வந்து நிக்குது, ஆல்கஹால் ஜாஸ்தியா இருந்தா உள்ளயே அமுங்கிக்குது. அந்த 52 சதவீத சைன்டிஸ்ல தண்ணி விட்டுப் பாருங்க, மூக்குக்கே தெரியும்.

வரிசை கவனம்: ஸ்லைர்ஸ் மொத, அப்புறம் பக்வீட், அப்புறம் ரை ரெண்டும், பொகை கடைசில. பொகையை நடுவுல வச்சா அதுக்கப்புறம் எல்லாமே பொகைதான். பள்ளிபாளையம் சிக்கனை எல்லாம் முடிஞ்சப்புறம் தூக்கிட்டு வாங்க, வரமொளகாய் பட்ட நாக்குல ரை காரமும் தெரியாது வெனிலாவும் தெரியாது. நடுவுல வாய் கழுவ வெறும் அரிசிப்பொரி, காரப்பொரி இல்ல.

எளநீ_வியாபாரி (பொள்ளாச்சி):
இவ்வளவு பண்றீங்க, ஒண்ணு மட்டும் கேளுங்க. பாட்டிலை ஊட்டுக்காரம்மாகிட்டக் குடுத்து மறைவா ஊத்தச் சொல்லி கிளாஸ் அடில நம்பர் ஒட்டுங்க, நடுவுல சொல்லாம ஒரு அம்ருத்தையும் சேத்துருங்க. யாருக்கு என்ன மார்க் வந்துச்சுன்னு இங்க போடோணும். அம்ருத் கடைசில வந்தா நான் ஒண்ணும் பேசல.

நூல்கண்டு (திருப்பூர்):
சரிங்ணா, அப்படியே பண்ணிர்லாம். மச்சானுக்கு அனுப்பியாச்சு: அவருக்கு மில்ஸ்டோன் 100, எட்டூ, சைன்டிஸ் 500. தங்கச்சி கணக்குல ஸ்டௌனிங் ரையும் ஸ்லைர்ஸும், மிச்ச 600 மில்லிக்கு சாம்பிளு, அதுல மேக்மைரா கட்டாயம். எட்டூ அந்தப் பக்கம் கடைல இல்லீன்னு சொன்னாப்லன்னா என்ன பண்றது?

ஈரோட்டுப்பொண்ணு (இப்ப ம்யூனிக்):
அப்ப ஆர்மோரிக் கிளாசிக் சொல்லுங்ணா, அதுவும் பிரிட்டனிதான், பார்லி, 46 சதவீதம், சுலபமாக் கெடைக்கும். பக்வீட் கூத்து இருக்காது, ஆனா நல்ல சரக்கு. அப்புறம் நோம்பிக்கு வர்ற பங்காளிக கண்ணுல படாத எடமாப் பாத்து வைங்க, எங்கூட்டுல ஒருக்கா சித்தப்பா நல்ல சிங்கிள் மால்ட்ல செவன்அப் ஊத்தி, ஏனுங்கண்ணு இது இவ்வளவு கசக்குதுன்னு கேட்டாரு.