தையல்சிட்டு கூடு கட்டியிருக்கு, நான் எப்படி லீவு எடுக்கிறது?

திருவையாறு தையல்காரி:
11 வருஷமா வீட்டுத் திண்ணையிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறேன். இப்ப கொல்லை அத்திச் செடியில தையல்சிட்டு கூடு கட்டியிருக்கு. இலை ஓரத்துல அலகால ஓட்டை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் இழுத்துச் சேர்த்திருக்கு. முடிச்சு கிடையாது. வெளியில வந்த நூல் பிசிறா விரிஞ்சு பிடிச்சுக்குது. நான் வெட்டிப் போட்ட மஞ்சள் நூலும் அதுல ஒண்ணு இருக்கு! கண்ணு கலங்கிடுச்சு. லீவு விட்டு அதைப் பார்த்துக்கிட்டே உட்காரணும்னு இருக்கு.

ஆடிப்பெருக்குக்கு 14 ரவிக்கை பாக்கி. லீவு விட்டா அன்னிக்கு வருமானம் இல்ல. கொல்லையில உட்கார்ந்தாலும் மனசு மெஷின்லயே நிக்குது. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

பாபநாசம் மோட்டார்:
அக்கா, நான் பம்ப்செட் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுறேன். அமாவாசைக்குக் கடை கிடையாதுன்னு போர்டு மாட்டினேன். ரெண்டு மாசம் முணுமுணுத்தாங்க. இப்ப முந்தின நாளே கொண்டுவந்து கொடுத்துடுறாங்க.

கும்பகோணம் டீச்சர்:
முட்டை பொரிய 12 நாள், குஞ்சு பறக்க இன்னொரு 14 நாள், ஏறக்குறைய அவ்வளவுதாம்மா. கூட்டுக்குக் கிட்ட உட்காராம தள்ளியே உட்காரு. நீ அடிக்கடி கிட்டப் போனா காக்காவும் செம்போத்தும் கூட்டைக் கண்டுபிடிச்சிடும்.

திருவையாறு தையல்காரி:
சரிங்கம்மா. புதுத் துணிக்கெல்லாம் 2 நாள் தள்ளியே தேதி சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையில 6லேர்ந்து 7 வரைக்கும் கிணத்தடியில இருந்தேன். பொட்டை அடைகாக்குது, இலைக்கு வெளியில வால் மட்டும் நட்டுக்கிட்டுத் தெரியுது.