ஒரே தொட்டியில் ரோட்டாலா இலை உதிர்க்கிறது, அனுபியாஸில் பாசி படிகிறது: எந்த விளக்கு வாங்கலாம்?

அடிமணல்: வணக்கம். நீர்ச்செடிகள் வளர்க்கும் நன்னீர்க் கண்ணாடித் தொட்டி, நீளம் 60 செ.மீ., உயரம் 45 செ.மீ. தொட்டியோடு வந்த, நீலமும் வெள்ளையும் கலந்த எல்இடி விளக்கு தினமும் 12 மணி நேரம் எரிகிறது. மணலில் நட்ட ரோட்டாலா ஒல்லியாக நீண்டு, கீழ் இலைகளைக் கொட்டுகிறது. மரக்கட்டையில் கட்டிய அனுபியாஸ் இலைகளில் பச்சைப் புள்ளிகள். விரலால் தேய்த்தாலும் போகவில்லை. ஒன்றுக்கு வெளிச்சம் குறைவு, இன்னொன்றுக்கு அதிகம் என்றால் என்ன விளக்கு வாங்குவது? செடிகளுக்கென்று தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு விடுவதில்லை.

நீர்க்கொடி: அனுபியாஸ் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? ரோட்டாலாவின் நுனித் தளிர் வெளுத்திருக்கிறதா?

அடிமணல்: நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண்கூட இல்லை, விளக்குக்கு நேர் கீழே. நுனி நல்ல பச்சைதான்.

நீர்க்கொடி: அப்போது இரும்புச்சத்துக் குறைவாகத் தெரியவில்லை, அதில் புதுத் தளிர்தான் முதலில் வெளுக்கும். கணுக்களின் இடைவெளி கூடி, அடி இலை விழுகிறது என்றால் செடி வெளிச்சத்தைத் தேடுகிறது. ஒரே விளக்கின் ஒளி மேலே பலமாகவும் மணலுக்கு வருவதற்குள் மெலிந்தும் போகிறது. அனுபியாஸ் மெதுவாக வளரும் செடி. ஒரே இலை மாதக்கணக்கில் இருப்பதால் பாசிக்கு வசதி. அதை இறக்கிக் கட்டையின் நிழலில் கட்டுங்கள். தடித்த தண்டை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும்.

நேரத்தை இன்றே 7 மணியாக்கி டைமர் போடுங்கள். மங்கலான விளக்கை நீண்ட நேரம் எரித்து ரோட்டாலாவைத் திருப்திப்படுத்த முடியாது, பாசிதான் கொழுக்கும்.

விளக்கு வாங்கும்போது லூமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மனிதக் கண்ணுக்கான கணக்கு, பச்சை ஒளியைத் தூக்கிக் காட்டும். செடிக்குப் ‘பார்’ அளவுதான் முக்கியம்: 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி எவ்வளவு விழுகிறது என்பது. அந்த அளவு எந்த ஆழத்தில் எடுத்தது என்றும் கேளுங்கள். உங்களுக்கு மணல்மட்டத்தில் 30 முதல் 40 மைக்ரோமோல் (‘பார்’ அளவின் அலகு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடியில்) போதும். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணில் 6500 நம் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்; அதற்காகவே அலைய வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் இருக்கட்டும்.

பாசிக்கல்: நான் புது விளக்கே வேண்டாம் என்பேன். கார்பன் டை ஆக்சைடு இல்லாத தொட்டியில் வெளிச்சத்தைக் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. ரோட்டாலாவுக்குப் பதில், குறைந்த வெளிச்சமே போதுமான கிரிப்டோகோரைன், ஜாவா பெரணி வையுங்கள். தண்ணீர் கட்டையின் சாயத்தால் பழுப்பாக இருக்கிறதா, மூடிக் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டுமே ஒளியைத் தின்னும்.

நீர்க்கொடி: பாசிக்கல் சொல்வது சரிதான், ஆனால் ரோட்டாலா ரோட்டண்டிஃபோலியா என்ற வகை நான் சொன்ன அளவு வெளிச்சத்தில் கார்பன் டை ஆக்சைடு விடாமலும் வரும். சிவப்பு ஏறாது, அவ்வளவே. புது விளக்கைப் பாதி வெளிச்சத்தில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள்.

அடிமணல்: மூடியில் வெள்ளைப் படிவு கனமாக இருக்கிறது, இப்போதே தேய்க்கிறேன். ரோட்டாலாதான் எனக்குப் பிடித்த செடி, விட மனமில்லை. மொட்டையான தண்டில் மறுபடி இலை வருமா?

பாசிக்கல்: உதிர்ந்த இலை திரும்பாது. நுனியை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டித் தனியாக நடுங்கள், வேர் பிடிக்கும். அனுபியாஸில் புள்ளி நிறைந்த பழைய இலைகளைக் காம்போடு வெட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் வேண்டாம்.