80 வருடக் கோடு: லண்டன் ஃபிளாட் லீஸ் நீட்டிப்பில் பார்த்தவை, பட்டவை

(லண்டனின் வெவ்வேறு பகுதிக்காரர்கள் மாறிமாறிப் பேசியது; பெயருக்குப் பதில் ஊர்.)

ஹாரோ வாசி

இங்கே ஃபிளாட் வாங்கினால் பெரும்பாலும் கையில் வருவது நீண்டகாலக் குத்தகை, அதாவது லீஸ்; நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டருக்குச் சொந்தம். மிச்சக் காலம் 80 வருடத்துக்கு இறங்கிவிட்டால் அதை நீட்டிக்கும் செலவு எகிறும், அதுதான் 80 வருடக் கோடு. லீஸ் எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்டால், பலர் வீடு வாங்கும்போது ஏஜென்ட் சொன்ன எண்ணையே இன்னும் சொல்கிறார்கள். லேண்ட் ரெஜிஸ்ட்ரி தளத்தில் 7 பவுண்ட் கட்டி டைட்டில் ரெஜிஸ்டரை (சொத்தின் உரிமைப் பதிவை) இறக்கிப் பாருங்கள். கையெழுத்தான தேதி முக்கியமில்லை, காலம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு கட்டடத்தின் எல்லா லீஸும் ஒன்றாக முடிய வேண்டும் என்று தொடக்கத் தேதியைப் பொதுவாகப் போட்டிருப்பார்கள். 1983-இல் கையெழுத்தான லீஸில் ‘1981 டிசம்பர் 25 முதல் 125 ஆண்டுகள்’ என்று இருக்கும். அப்படியானால் 80 வருடக் கோடு 2026 கிறிஸ்துமஸில் வருகிறது. 2028 வரை நேரமிருக்கிறது என்று இருந்தவருக்கு அது பெரிய அடி.

குரோய்டன், மதிப்பீட்டு வேலை

எவ்வளவு பெரிய அடி என்று ஹாரோ அண்ணா சொன்னதற்குக் கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

ஃப்ரீஹோல்டாக இருந்தால் 3,00,000 பவுண்ட் பெறும் ஃபிளாட். ஃப்ரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகை, அதாவது கிரவுண்ட் ரெண்ட், வருடம் 100, ஏறாத வாடகை. 81 வருடம் மிச்சம். அத்தனை வருடம் கழித்து ஃப்ரீஹோல்டருக்குத் திரும்பிப் போகும் வீட்டின் இன்றைய மதிப்பை 5% வீதத்தில் கணக்கிடுவோம். ஸ்போர்டெல்லி வழக்குக்குப் பிறகு ஃபிளாட்டுக்கு அதுதான் வீதம். கிட்டத்தட்ட 5,700 வரும். இழக்கும் வாடகையை 7%-இல் மதிப்பிட்டால் 1,400. மொத்தம் ஏறத்தாழ 7,100 பவுண்ட்.

அதே ஃபிளாட், 75 வருடம். இந்த இரண்டும் சேர்ந்து 9,050 ஆகிறது. அதோடு நிற்காது. மிச்சக் காலம் 80-க்கு மேல் இல்லையென்றால் மேரேஜ் வேல்யூ நுழைந்துவிடும்: நீட்டிப்பால் இரு தரப்புக்கும் சேர்த்துக் கூடும் மதிப்பில் பாதி ஃப்ரீஹோல்டருக்கு. நீட்டிய லீஸ் 2,97,000, இப்போதைய லீஸ் 2,73,000 என்று வைத்தால், வித்தியாசம் 24,000; அதில் ஃப்ரீஹோல்டர் இழக்கும் 9,050-ஐக் கழித்தால் அந்தப் பாதி 7,475. ஆக 16,500-ஐத் தாண்டுகிறது. ஆறு வருடத் தாமதத்துக்கு இரட்டிப்புக்கும் மேல்.

பேரம் எல்லாம் அந்த 2,73,000-இல்தான் நடக்கும். மிச்ச வருடத்துக்கு ஏற்ப லீஸ் எவ்வளவு பெறும் என்று காட்டும் சாவில்ஸ், ஜெரால்ட் ஈவ் நிறுவனங்களின் வரைபடங்களை வைத்து இரு தரப்பு சர்வேயர்களும் (மதிப்பீட்டாளர்கள்) மல்லுக்கட்டுவார்கள். இணையக் கால்குலேட்டர் ஒரு மட்டான எண் தரும், அதை, நீட்டிப்புக் கேட்டு ஃப்ரீஹோல்டருக்கு அனுப்பும் நோட்டீஸில் போடாதீர்கள். எண் நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நோட்டீஸே செல்லாது. கடோகன்–மோரிஸ் வழக்கில் அதுதான் நடந்தது.

ஈஸ்ட் ஹாம்

நோட்டீஸ் கதைக்கு நான் வாறன். 1993 லீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி குடுத்தால் ஃபிளாட்டுக்கு 90 வருடம் கூடும், கிரவுண்ட் ரெண்ட் பூச்சியமாகும். நோட்டீஸ் குடுத்த நாளே மதிப்பீட்டு நாள். ஆனபடியால் 80-க்கு ஒரு கிழமை முன்னம் போய்ச் சேர்ந்தாலும் மேரேஜ் வேல்யூ இல்லை. பேச்சு பிறகு எவ்வளவு இழுபட்டாலும் பரவாயில்லை.

பதில் நோட்டீஸுக்கு ஃப்ரீஹோல்டருக்குக் குறைஞ்சது இரண்டு மாதம் குடுக்கவேணும். சரியா இரண்டு மாதம் எண்டு போட்டு, தபால் ஒரு நாள் பிந்தினால் நோட்டீஸ் பழுது. அனுபவமுள்ள லோயர் பத்து நாள் கூட்டித்தான் போடுவார். ஃப்ரீஹோல்டர் அந்தத் தேதியைத் தவறவிட்டால் நீங்கள் எழுதின தொகையிலேயே கோர்ட்டில் லீஸ் கேட்கலாம். அதனால்தான் எதிர்த் தரப்பு முதலில் விலையைப் பார்க்காமல் நோட்டீஸில் பிழை தேடும். அடிக்கடி அகப்படுகிற பிழை ஆளை மாத்தி அனுப்புறது. உங்களுக்கும் ஃப்ரீஹோல்டருக்கும் இடையில் ஒரு ஹெட்லீஸ் (மேல் குத்தகை) வைச்சிருக்கிறவர் இருப்பார், அவருக்கு உங்களைவிட 90 வருடம் கூடுதலாக இல்லாவிட்டால் மேலே உள்ளவருக்குத்தான் அனுப்பவேணும்.

ஃப்ரீஹோல்டர் டெபாசிட் கேட்டால் கட்ட 14 நாள்: நோட்டீஸில் போட்ட தொகையில் 10%, அல்லது 250 பவுண்ட், எது கூடவோ அது.

ஆக்கள் கோட்டைவிடுறது இதுக்குப் பிறகுதான். பதில் நோட்டீஸ் வந்து இரண்டு மாதம் கதைக்கலாம், ஆறு மாதத்துக்குள் டிரிபியூனலுக்கு (சொத்துத் தகராறு கேட்கிற தீர்ப்பாயம்) விண்ணப்பம் போயிருக்கவேணும். ‘கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டாச்சு’ எண்டு எதிர்த் தரப்பு மெயில் எழுதிக்கொண்டே இருக்கும். தேதி போனால் நோட்டீஸ் வாபஸ் எண்டு கணக்கு, 12 மாதத்துக்குத் திரும்பக் குடுக்க ஏலாது. அதுக்குள் 80 தாண்டினால் யாருக்கு லாபம் எண்டு சொல்லத் தேவையில்லை.

டூட்டிங்

செலவை மறந்துவிட்டீர்கள். ஃப்ரீஹோல்டரின் மதிப்பீடு, வக்கீல் செலவில் நியாயமானதை நாம்தான் கட்ட வேண்டும். நடுவில் கைவிட்டாலும் அதுவரை ஆனது நம் தலையில்தான். அவர்கள் பேரம் பேசிய நேரத்துக்கும் டிரிபியூனலுக்கு வந்ததற்கும் பில் போட முடியாது. பில்லை வரிவரியாகக் கேளுங்கள். ‘நெகோஷியேஷன்’ என்ற வரி கட்டாயம் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, ‘வக்கீல் நோட்டீஸ் எல்லாம் எதற்கு, நாமே பேசி முடிக்கலாம்’ என்று வரும் கடிதம். தொகை குறைவாகத் தெரியும், உள்ளே படித்தால் 90 வருடம் கூட்டாமல் மொத்தத்தை 125 ஆக்குவார்கள். 2022 ஜூன் 30-க்குப் பிறகு கூடுதல் காலத்துக்குக் கிரவுண்ட் ரெண்ட் வாங்க முடியாது. பழைய லீஸின் மிச்சக் காலத்துக்கு மட்டும் பேச்சுவழி நீட்டிப்பில் வாங்கலாம், அந்த ஓட்டையை விடமாட்டார்கள். அதில் கெடுவும் கிடையாது, கடைசி நாளில் விலையை ஏற்றினாலும் கேட்க முடியாது. அவசர விற்பனை என்றால் தவிர என் ஓட்டு 42-க்கே.

வெம்பிளி

லீஸ் விதிகளை மாற்றும் 2024 சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கலாமா?

குரோய்டன், மதிப்பீட்டு வேலை

அதில் 990 வருட நீட்டிப்பும் மேரேஜ் வேல்யூ ஒழிப்பும் எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் அவை 2025-இலும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தது ஒன்று: 2025 ஜனவரி 31 முதல் இரண்டு வருடம் வைத்திருந்தால்தான் கேட்கலாம் என்ற நிபந்தனை போய்விட்டது. 82, 83 வருடம் இருப்பவர் காத்திருப்பது சூதாட்டம், நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே 65-க்குக் கீழே போய், விற்கும் எண்ணமும் இல்லாதவர் பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தமுண்டு. கோடு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

ஈஸ்ட் ஹாம்

விக்கிற ஆக்களுக்கு ஒண்டு. விக்கிறவர் நோட்டீஸ் குடுத்து அதை வாங்குறவருக்கு மாத்தலாம், ஆனால் லீஸ் கைமாறுற அதே நேரத்தில் மாத்தவேணும். ‘பிறகு எழுதித் தாறன்’ எண்டால் நோட்டீஸ் செத்துப்போகும். குடுத்த கையோடு லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஃப்ரீஹோல்ட் டைட்டில் மேல் பதிஞ்சும் வையுங்கோ, இடையில் ஃப்ரீஹோல்ட் கைமாறினாலும் புது ஆளையும் கட்டும்.

ஹாரோ வாசி

முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். பழைய லீஸ் சரண்டராகிப் புதிய லீஸ் வருவதால் டைட்டில் எண் மாறலாம். புதிய ரெஜிஸ்டரை வாங்கி மூன்றைச் சரிபாருங்கள்: முடியும் தேதி, வாடகை வரி, வங்கியின் சார்ஜ் (வீட்டுக்கடன் அடமானப் பதிவு) புதிய டைட்டிலில் ஏறியிருக்கிறதா என்பது. மூன்றாவது விடுபட்டால் அடுத்த ரீமார்ட்கேஜில், அதாவது வீட்டுக்கடனை மாற்றும்போதுதான் தெரியவரும், அப்போது பழைய வக்கீல் அலுவலகமே மூடியிருக்கும்.